எலியை ஒரு வீடு மட்டும் ஒழிக்க முடியாது

(தோட்டக் கிளையின் மாதர் பகுதிக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)

     

என்னை எலியைப் பற்றிப் பேசும்படி மாதர் பகுதிச் செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பளம், வீட்டுடைமை, பிள்ளைகளின் படிப்பு என்று எத்தனையோ விஷயங்கள் இருக்க, சுண்டெலிக்கு ஒரு மேடையா என்று நினைத்தேன். அன்று இரவு வீட்டில் அரிசிப் பானையைத் திறந்தேன். உள்ளே நாலு புழுக்கை கிடந்தது. சரி, பேசித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். (சிரிப்பு)

நான் பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பத்துக் கதவு லயம். ஒரே நீளக் கூரை, அதன் கீழே பத்துக் குடும்பம். வீட்டுக்கு வீடு நடுவில் பலகைச் சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரைவரை போகாது. மேலே ஓர் ஆள் படுத்து உருளும் அளவுக்குத் திறப்பு. முதல் வீட்டில் என் அப்பா இரவில் இருமினால், ஐந்தாம் வீட்டுப் பாட்டி விடியற்காலையில் கஷாயத்தோடு வந்து நிற்பார். அப்படி ஓர் ஒற்றுமை. எலிவளையானாலும் தனிவளை வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். லயத்தில் மனிதனுக்குத் தனிவளை இல்லை, எலிக்கு மட்டும் பத்து வீடும் சொந்தம்.

என் அம்மா அரிசியை மண்ணெண்ணெய் டின்னில்தான் வைப்பார். டின்னைச் சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் நாலு நாள் காய வைத்து, மேலே ஒரு பலகை, பலகை மேல் அம்மிக் குழவி. சாக்கோடு அரிசியை மூலையில் சாய்த்து வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லவே இல்லை. எழுத்து வாசனை இல்லாத அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. சுகாதாரப் புத்தகங்களில் நான் பிற்காலத்தில் படித்ததும் அதையேதான். இன்று நம் வீடுகளில் பத்துக் கிலோ அரிசி பிளாஸ்டிக் பையில் வருகிறது. அந்தப் பையிலேயே முனையைக் கத்தரித்து, மாதம் முழுவதும் தரையில் கிடக்கிறது. பிளாஸ்டிக் பை எலிக்கு வெற்றிலை மாதிரி.

முதலில், நம் வீட்டில் இருப்பது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் எலி என்று ஒரே பெயரில் அழைப்பதால் வைத்தியமும் தப்பாகிறது. மூக்கு நீண்டு, கண் சிறுத்து, ஒரு நாற்றத்தோடு சுவரோரம் கீச்சிட்டுக்கொண்டு ஓடுகிறதே, அது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல. பூச்சி தின்னும் பிராணி, கரப்பானைப் பிடித்துத் தின்னும். பிள்ளையார் வாகனம் என்று அதை அடிக்கத் தயங்குகிற பெரியவர்கள் தாராளமாகத் தயங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. கூரையில் தடதடவென்று ஓடுவது வீட்டெலி. அதன் புழுக்கை அரை அங்குலம் இருக்கும். சுண்டெலியின் புழுக்கை ஓர் அரிசி மணியைவிடச் சிறியது, முனை கூர்மையாக இருக்கும். சிறியதாகத் தெரிவதெல்லாம் சுண்டெலியும் அல்ல. வீட்டெலியின் குட்டிக்கு உடம்புக்குப் பொருந்தாமல் தலையும் பின்னங்காலும் பெரிதாக இருக்கும். சுண்டெலி வளர்ந்து முடிந்தபோதும் 15 அல்லது 20 கிராம்தான்.

இந்தச் சின்னப் பிராணியின் கணக்கைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு அது தின்பது சுமார் 3 கிராம். வருடம் முழுவதும் தின்றாலும் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒரு கிலோ அரிசிக்காகவா இந்த அம்மா மேடை ஏறினார் என்று கேட்பீர்கள். தின்பது போகட்டும், போடுவதைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது புழுக்கைக்குக் குறையாது. வருடத்துக்குப் பதினெட்டாயிரம்! ஓர் இடத்தில் உட்கார்ந்து வயிறாரத் தின்னும் வழக்கமும் அதற்குக் கிடையாது. இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி என்று ஒரே இரவில் இருபது முப்பது இடத்தில் வாய் வைக்கும். போகிற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர். நாம் தூக்கி எறிகிற அரிசி, ரொட்டி, பால் மாவு எல்லாம் அது தின்றதைப்போலப் பல மடங்கு.

பெருக்கமோ கேட்கவே வேண்டாம். வயிற்றில் சுமப்பது மூன்று வாரம். ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. குட்டி ஆறே வாரத்தில் தாயாகத் தயார். பொங்கலன்று ஒரு சினை எலி உங்கள் வீட்டுக்குள் நுழைந்தால், சித்திரை பிறப்பதற்குள் அது பாட்டியாகிவிடும். நாம் இன்னும் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்போம். (சிரிப்பு)

இனி வியாதிக்கு வருகிறேன். இதில் சிரிப்பு இல்லை.

இந்த நாட்டில் மலாயில் "கென்சிங் திகுஸ்" வியாதி என்று சொல்கிறார்களே, எலிச் சிறுநீரால் வருவது, அதன் டாக்டர் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். அது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் பிளெட்சர் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1920-களிலேயே இதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கண்டால் அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய வியாதி என்று மலேசியாவில் 2010-ல் ஆக்கினார்கள். இதைப் பெரும்பாலும் பரப்புவது பெரிய எலிகள், சுண்டெலியும் விலக்கல்ல. எலியின் சிறுநீர் பட்ட நீரிலும் சேற்றிலும் கிருமி உயிரோடு இருக்கும். காலில் வெடிப்பு, கையில் கீறல், கண், வாய் இவற்றின் வழியாக உள்ளே போகும். பால் வெட்டுகிற கையில் கீறல் இல்லாத நாள் உண்டா? மழைக்காலத்தில் கால் வெடிப்பு இல்லாத பெண் நம்மில் யார்? வேலைக்காட்டிலும் வரலாம், வீட்டுச் சாக்கடையிலும் வரலாம்.

காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலில் தொட முடியாத வலி. பலர் இதைச் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் டாக்டர் என்ன செய்வார்? ஆரம்பத்திலேயே போனால் சாதாரண மருந்தில் குணமாகும் வியாதி இது. போகிறபோது வாயைத் திறந்து, "டாக்டர், நான் எலி இருக்கிற இடத்தில் வசிக்கிறேன், தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்று சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தெரிய வழியில்லை.

இன்னும் இரண்டு செய்தி, சுருக்கமாக. எலிப் புழுக்கையால் உணவு கெட்டு வயிற்றுப்போக்கு வரும். சுண்டெலியின் சிறுநீர் காய்ந்து தூசியாகப் பறந்தால், மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கு இரைப்பு அதிகமாகும். கர்ப்பிணிப் பெண்கள் எலிப் புழுக்கையைச் சுத்தம் செய்யவே கூடாது. வயிற்றிலுள்ள சிசுவைத் தாக்கும் ஒரு கிருமியும் சுண்டெலியிடம் இருக்கக்கூடும். அந்த வேலையைக் கணவர் செய்யட்டும். கதவோரம் நிற்கும் தம்பிமார்கள் காதில் விழுந்திருக்கும் என்று நம்புகிறேன்.

யார் செய்தாலும் விளக்குமாற்றால் உலர்வாகப் பெருக்காதீர்கள். தூசி எழும்பி மூக்குக்குள் போகும். ஒரு பங்கு குளோரோக்ஸ், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கை மேல் நன்றாக நனைய ஊற்றி, ஐந்து நிமிஷம் விட்டு, கந்தையால் துடைத்து, கந்தையைப் பையில் கட்டிக் குப்பைத் தோங்கில் போடுங்கள். கையுறை வேண்டும், இல்லையென்றால் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்லப் போவது என் சொந்தத் தவறு. பல வருடமாக வெளியே சொல்லாமல் இருந்தேன். இன்றைக்குச் சொல்கிறேன்.

சுமார் இருபத்தைந்து வருடத்துக்கு முன், எங்கள் வீட்டில் எலித் தொல்லை தாங்காமல், பட்டணத்துச் சாமான் கடையில் எலி விஷம் வாங்கி வந்தேன். நீல நிறத்தில் சிறு சிறு உருண்டைகள். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். என் வீட்டில் அப்போது சின்னப் பிள்ளைகள் இல்லை, அதனால் பயமில்லை என்று நினைத்து, அலமாரிக்குப் பின்னால் ஒரு சிரட்டையில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் சிரட்டை காலி. எனக்கு ஒரே சந்தோஷம், எல்லாவற்றையும் தின்றுவிட்டது, இனிச் செத்துத் தொலையும் என்று.

தோழிகளே, எலி தின்னவில்லை. தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. எலிக்குச் சேர்த்து வைக்கும் குணம் உண்டு. சுவருக்குக் கீழே இருந்த ஓட்டை வழியாக அடுத்த வீட்டுக்குள் கொண்டுபோய், அவர்கள் பாய் சுருட்டி வைக்கும் மூலையில் குவித்திருக்கிறது. மூன்றாம் நாள் மாலை அடுத்த வீட்டு அண்ணி அலறினார். அவருடைய மூன்று வயதுப் பேத்தியின் உதடெல்லாம் நீலம்.

நான் விஷப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கூடவே ஓடினேன். அந்த ஒரு காரியத்தைத்தான் அன்று நான் சரியாகச் செய்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே பெட்டியைத்தான். குழந்தையோ சிரித்து விளையாடிக்கொண்டிருந்தது. "ஒன்றும் இல்லை போலிருக்கிறதே, வீட்டுக்குப் போகலாமா?" என்று அண்ணி கேட்டார். டாக்டர் போக விடவில்லை. இந்த வகை விஷம் ரத்தம் உறையும் சக்தியைக் கெடுப்பது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும், மூக்கிலோ ஈறிலோ வயிற்றுக்குள்ளோ ரத்தம் கசியும் என்று விளக்கினார். இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே. குழந்தை தின்றது கொஞ்சம்தான், அதனால் தப்பித்தது. இன்று அவள் வேலைக்குப் போகிற பெண். என்னை "பெரியம்மா" என்று கூப்பிடுகிறபோதெல்லாம் எனக்கு அந்த நீல உதடுதான் ஞாபகம் வரும்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல் என்பார்களே, அதைத்தான் நான் செய்தேன். அதிலும் கொளுத்தியது என் வீட்டையல்ல, அடுத்தவர் வீட்டை.

அந்த விஷ வகையின் கதையையும் சொல்லிவிடுகிறேன், கேட்கச் சுவையாக இருக்கும். அமெரிக்காவில் கெட்டுப்போன ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. ஏன் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது கிடைத்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி விஷமாக வெளிவந்தது. பிறகு அதையே இருதய நோயாளிகளுக்கு அளவோடு மருந்தாகவும் கொடுக்கத் தொடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் பிரிட்டனில் அதற்கு அசையாத எலிகள் தோன்றிவிட்டன. சுண்டெலிக்கோ ஆரம்பத்திலிருந்தே அது அவ்வளவாக ஏறவில்லை. அதனால் இன்னும் கடுமையான விஷங்களைச் செய்தார்கள். அவை செத்த எலியின் உடம்பிலேயே தங்கும். அதைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் ஆபத்து. செம்பனைத் தோட்டங்களில் பெட்டி கட்டிக் கூகை ஆந்தைகளை வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். காட்டெலிக்கு அது நல்ல ஏற்பாடு. ஒரு பக்கம் ஆந்தைக்குப் பெட்டி, மறுபக்கம் ஆந்தையைக் கொல்லும் விஷம் என்று இருந்தால் என்ன பிரயோசனம்? அது நிர்வாகத்தின் கவலை. நம் வீட்டுக்குள் ஆந்தை வராது. நாம்தான் வேலை செய்ய வேண்டும்.

ஆகவே லயத்துக்குள் விஷம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். யாராவது வைத்து, பிள்ளை வாயில் போட்டுவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் 1994 முதல் இருக்கிறது. டாக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்ள முடியும்.

பூனை போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நாலு பூனை இருந்தது. பூனைக்கு வைத்த சோற்றை இரவில் எலி தின்றது. இதற்குமேல் நான் பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

பொறிதான் சரி. பழைய மரப்பலகைப் பொறி, கம்பி வந்து அடிப்பது. சில வெள்ளிதான். ஆனால் நாம் எப்படி வைக்கிறோம்? வீட்டுக்கு ஒரே ஒரு பொறி, அதுவும் அறையின் நடுவில், ஒரு முழுக் கருவாட்டுத் துண்டை மாட்டி! எலி கருவாட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், காலையில் நம் கால் விரல்தான் மாட்டும்.

சுண்டெலி தன் கூட்டிலிருந்து அதிக தூரம் போகாது. பத்தடியிலிருந்து முப்பதடிக்குள்தான் அதன் உலகம். அடுப்பங்கரை எலியும் சாமி அறை எலியும் சந்திக்காமலே வாழ்ந்து முடிக்கலாம். அதனால் ஒரு பொறி போதாது, சின்ன வீட்டுக்கே ஆறு வேண்டும். அது திறந்த வெளியில் ஓடாது, சுவரை உரசிக்கொண்டே ஓடும். பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி, ஆறடிக்கு ஒன்றாக வையுங்கள். அடுப்புக்குப் பின்னால், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், அரிசி வைக்கும் இடத்தருகே. பகலில் பொறியை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள், பிள்ளைகள் கை படாமல்.

இரை கடலைப் பருப்பளவு போதும். கச்சாங் வெண்ணெய், வறுத்த தேங்காய், நெத்திலித் தலை, எது ஒட்டிக்கொண்டு எளிதில் வராதோ அது. என் அனுபவத்தில் வறுத்த தேங்காயை வெல்லப்பாகில் பிசைந்தது முதல் தரம். இரையோடு இரண்டு இழை பஞ்சு அல்லது நூலையும் சுற்றிக் கட்டுங்கள். கூடு கட்டும் தாய் எலி சாப்பாட்டைவிட அதற்குத்தான் ஆசைப்படும். பெரிய எலி புதிதாக ஒரு பொருளைக் கண்டால் சந்தேகப்பட்டுப் பல நாள் ஒதுங்கும். சுண்டெலி அப்படி இல்லை, புதிதாக எதைக் கண்டாலும் மூக்கை நுழைத்துப் பார்க்கும். எனவே சுண்டெலிக்கு முதல் மூன்று இரவுதான் வேட்டை. மூன்று இரவில் விழவில்லை என்றால் பொறியின் இடத்தை மாற்றுங்கள். பசை அட்டை விற்கிறார்கள். அதில் ஒட்டிய பிராணி மணிக்கணக்காகத் துடித்துச் சாகிறது. எலிதான் என்றாலும் அந்தச் சாவு வேண்டாம். கூண்டில் பிடித்துப் பீலியடியில் தண்ணீரில் அமுக்குவதும் எனக்குப் பிடிக்காத காரியம்.

பொறி வைத்தால் போதுமா? ஓட்டை இருக்கும் வரை ஒரு பொறியும் போதாது. சுண்டெலிக்கு எவ்வளவு வாசல் வேண்டும்? இதோ என் கையிலிருக்கும் பென்சில். இது நுழைகிற துவாரத்தில் சின்னச் சுண்டெலி நுழைந்துவிடும், கால் அங்குலம். தண்ணீர்க் குழாய் சுவரில் நுழையும் இடம், மின்சாரக் கம்பி நுழையும் இடம், கதவின் அடி, தகரக் கூரையின் வளைவுகள் சுவர்மேல் உட்காரும் இடம். இரும்பு நாரை, பாத்திரம் தேய்க்க வாங்குகிறோமே அதை, இறுக்கி அடைத்து மேலே சிமெண்டு பூச வேண்டும். கந்தையை அடைத்தால் அது எலிக்கு மெத்தை. கதவடியில் ஒரு தகரப் பட்டை. மின்சாரக் கம்பியின் உறையையும் எலி கடிக்கும். பலகை லயத்தில் கம்பி உரசித் தீப்பிடித்தால் பத்து வீடும் போகும். எலியைத் தேடிப் பாம்பு வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பாதிப் பேர் வீட்டில் நாகத்தைப் பார்த்தவர்கள்தான்.

அந்த நீல உதட்டுக்குப் பிறகு நான் வெறி பிடித்தவள் மாதிரி என் வீட்டை மட்டும் அடைத்தேன், பொறி வைத்தேன். முதல் வாரத்தில் பதினொன்று விழுந்தது. ஒரு மாதம் அமைதி. பிறகு மறுபடி அரிசியில் புழுக்கை. சுவரை அடைத்தேன் சரி, கூரைக்குக் கீழே இருக்கும் திறப்பை யார் அடைப்பது? நான் பிடித்து ஒழித்த இடத்தை நிரப்ப ஒன்பது வீட்டு எலியும் வரிசையில் நின்றது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

கிளைக் கமிட்டியிடம் போனேன். கமிட்டித் தலைவர், "அம்மா, இதுவும் ஒரு தொழிற்சங்க விவகாரமா?" என்றார். "ஐயா, நான் சந்தா கட்டுகிறேன், எலி கட்டவில்லை, யாருக்காகப் பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். (கைதட்டல்) பிறகு அவரே என்னோடு நிர்வாகியைப் பார்க்க வந்தார்.

எந்தத் தோட்டம், யார் நிர்வாகி என்று பெயர் சொல்ல மாட்டேன். அவர் சொன்ன வார்த்தையை மட்டும் சொல்கிறேன்: "எலி அழுக்குக்கு வருகிறது. உங்கள் ஆட்களை முதலில் சுத்தமாக இருக்கச் சொல்லுங்கள்." எனக்குச் சுருக்கென்றது. அழுக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாசலில் மீன் கழுவுகிற பழக்கம், கோழிக்கு இறைத்த தானியம் இரவெல்லாம் கிடப்பது, இதெல்லாம் நம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவரிலுள்ள ஓட்டை நான் போட்டதா?

திரும்பி வந்து, ஒரு பென்சிலும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு பத்து வீட்டையும் சுற்றினேன். என் மகள் எழுதினாள். பென்சில் நுழைந்த ஓட்டை எல்லாம் கணக்கு: மொத்தம் அறுபத்து மூன்று. வீட்டு எண், இடம், அளவு. அதைத்தான் கமிட்டி கடிதத்தோடு அனுப்பியது. வாய்ப்பேச்சுக்குப் பதில் சொல்ல முடிந்த அவருக்கு அறுபத்து மூன்று ஓட்டைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தின் நகல் தொழிலாளர் இலாகாவுக்கும் போகும் என்று எழுதிய பிறகு, சிமெண்டும் கம்பி வலையும் வந்தன, ஒரு கொத்தனாரும் வந்தார்.

சட்டம் நம் பக்கம்தான் இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் இந்த நாட்டில் 1966-லேயே வந்தது. அதற்குப் பதிலாக 1990-ல் வந்ததுதான் 446-வது சட்டம். 2019-ல் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள். முதலாளி கொடுக்கும் வீட்டை நல்ல பழுதுபார்த்த நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அதில் இருக்கிறது. எலி என்ற வார்த்தையைத் தேட வேண்டாம். பழுது என்ற வார்த்தை போதும். ஓட்டை பழுதுதான்.

ஆனால் வெற்றி முழுமை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கூரைக்குக் கீழே உள்ள திறப்பை அவர்கள் அடைக்கவில்லை. காற்றோட்டம் போய்விடும் என்றார்கள். வலை அடித்தால் காற்றும் வரும், எலியும் வராது என்று சொன்னோம். பட்ஜெட் இல்லை என்றார்கள். அது கடைசிவரை அப்படியே இருந்தது.

அதனால் நாங்கள் ஒரு வேலை செய்தோம். பத்து வீடும் ஒரே இரவில் பொறி வைப்பது. அறுபது பொறி. அப்போது கடைசி இரண்டு வீட்டில் இந்தோனேசியக் குடும்பம் ஒன்றும், வங்காளதேசத் தம்பிகள் சிலரும் இருந்தார்கள். நம்மில் சிலர், "அவர்களிடம் எப்படிப் பேசுவது, அவர்கள் பாடு அவர்களுக்கு" என்றார்கள். நான் போய் "திகுஸ்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அந்தத் தம்பிகள் தங்கள் கிழிந்த சட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். அவர்களுடைய ரொட்டி மாவையும் அதே எலிதான் தின்றிருக்கிறது. முதல் இரவில் பத்து வீட்டிலும் சேர்த்து நாற்பத்தோரு எலி. இரண்டாம் இரவு பத்தொன்பது. ஐந்தாம் இரவு ஒன்றுமில்லை. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை, பத்து வீட்டிலும் பொறி. நான் ஓய்வு பெற்று அந்த லயத்தை விட்டு வரும் வரை இது நடந்தது.

இப்போது இந்தத் தோட்டத்துக்கு வருகிறேன். இங்கே நாலு லயம், நாற்பத்திரண்டு வீடு. செயலாளரிடம் பேசிவிட்டேன். பொறி வாங்க மாதர் பகுதி நிதியிலிருந்து ஒரு பகுதி தருகிறார்கள், மீதி வீட்டுக்கு வீடு வசூல். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஓட்டைக் கணக்கு எடுக்கிறோம். லயத்துக்கு இரண்டு பேர், ஒருவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கணக்கு திங்கட்கிழமை கமிட்டிக்குப் போகும். பொறி வைப்பது அதற்கு அடுத்த சனிக்கிழமை இரவு, எல்லா வீடும் ஒரே நாள். அதற்கு முன் அரிசி, மாவு, கோழித் தானியம் எல்லாம் மூடி உள்ள தகர டின்னுக்குள் போயிருக்க வேண்டும். டின் இல்லாதவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள், ரொட்டிக் கடையில் காலி டின் கேட்டு வாங்கித் தருகிறேன். வீட்டில் யாராவது ஏற்கெனவே நீல உருண்டை வைத்திருந்தால், வெட்கப்படாமல் இன்றே எடுத்துக் கணக்குப் பாருங்கள். குறைந்திருந்தால் அடுத்த வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பென்சில் கொண்டு வர வேண்டும்.